எடை பார்த்துக்கொண்டே கதை கேளுங்கள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

குடும்பச் சமையல் குறிப்புகளைத் தொகுக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் நிறையப் பேர் உடனே எழுதி அனுப்பிவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம். வந்ததை எல்லாம் படித்தேன். பாதிக்கு மேல் "உப்பு தேவையான அளவு", "பதம் வந்ததும் இறக்கவும்" என்றுதான் இருக்கிறது. அந்தப் பதம் எழுதியவருக்குத் தெரியும். நாளைக்குப் படிக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாபிலோனியக் களிமண் பலகைகள் சில இருக்கின்றன. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய சமையல் குறிப்புகள். என்னென்ன சேர்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கின்றன. எவ்வளவு, எத்தனை நேரம் என்பது பெரும்பாலும் இல்லை. சில பொருள்கள் எவை என்றே இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சமைக்கத் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாமும் இப்போது அதையேதான் செய்கிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். போனில் கேட்டு எழுதாதீர்கள். சமைக்கும்போது கூட நில்லுங்கள்.

அம்மாவையோ அத்தையையோ ஸ்பூனால் அளந்து போடச் சொன்னால் கை தடுமாறும், ருசியும் மாறிப்போகும். அவர்கள் வழக்கம்போலக் கையால் அள்ளிப் போடட்டும். நீங்கள் சமையலுக்கு முன்னால் உப்பு ஜாடியை அப்படியே தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி வையுங்கள். குறைந்திருப்பதுதான் அவர்கள் போட்ட உப்பு. எண்ணெய்ப் பாத்திரம், மாவு டப்பா, தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான். "கொஞ்சம்" என்பது எத்தனை கிராம் என்று அவர்களுக்கே தெரியாது, தராசு சொல்லிவிடும்.

கிராம் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம், நாம் பல நாடுகளில் சிதறிக் கிடப்பதுதான். ஆஸ்திரேலியாவில் ஒரு டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற பெரும்பாலான இடங்களில் 15. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஜப்பானில் 200. கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் எடையில் ஒன்றல்ல. தண்ணீரும் சும்மா இருப்பதில்லை: கடின நீரில் பருப்பு வகைகள் வேக நேரமாகும், மலைப்பகுதியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் அங்கேயும் நேரம் கூடும். ஆகவே நிமிடக் கணக்கோடு நிற்காமல், அப்போது கண்ணுக்கு என்ன தெரிந்தது, என்ன சத்தம் கேட்டது, வாசனை எப்படி மாறியது என்பதையும் எழுதுங்கள். பாத்திரம் எவ்வளவு அகலம் என்பதையும்தான்.

கதைகளையும் அடுப்படியிலேயே கேளுங்கள். வாசனையை உணரும் நரம்புப் பாதை, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளோடு மிக நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது. கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டால் "என்னத்தைச் சொல்ல, எல்லாம் பழைய கதை" என்று முடித்துவிடுகிறவர்கள், தாளிக்கும் வாசனை எழுந்ததும் தாமாகவே பேசுவார்கள். போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். யாரிடம் கற்றீர்கள், இது யாருக்குப் பிடிக்கும், சாமான் கிடைக்காத காலத்தில் இதற்குப் பதில் எதைப் போட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். குடும்பம் பட்ட கஷ்டமெல்லாம் அதற்கான பதிலில்தான் வரும். நடுவில் "இல்லம்மா, அது அப்படி இல்லை" என்று திருத்தப் போகாதீர்கள். பெரியம்மா ஒரு மாதிரியும் சித்தி வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் தனித்தனியாக வைப்போம். பதிவை எல்லோருக்கும் அனுப்பலாமா என்று பேசியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சில விஷயம் வீட்டோடு இருக்க வேண்டியது.

கேட்பதற்கு இப்போது ஆள் இல்லையே என்று இரண்டு மூன்று பேர் வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். இருப்பதை அனுப்புங்கள், அரைகுறையாக இருந்தாலும். இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் குடியரசில் நாஜிகள் நடத்திய தெரசியன்ஸ்டாட் முகாமில் பட்டினி கிடந்த யூதப் பெண்கள், நினைவிலிருந்தே சமையல் குறிப்புகளை எழுதிவைத்தார்கள். அவர்களில் மீனா பெக்டர் 1944இல் அங்கேயே இறந்துபோனார். அவர் ஒப்படைத்த குறிப்புக் கட்டு சுமார் 25 ஆண்டுகள் பல கை மாறி நியூயார்க்கில் மகளிடம் வந்து சேர்ந்தது. பல குறிப்புகளில் பொருள்கள் விடுபட்டிருக்கின்றன. அப்படியே வைத்துச் சமைக்க முடியாது. அதற்காக அந்த மகள் அதைக் குறைவாக நினைத்திருப்பாரா?

பழைய கையெழுத்துத் தாள் இருந்தால் இரு பக்கமும் படம் எடுங்கள், எண்ணெய்க் கறையோடு சேர்த்தே. லேமினேட் செய்ய வேண்டாம். அந்தச் சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. தட்டச்சு செய்தாகிவிட்டது என்று மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு போன் மாற்றும்போது தொலைந்துபோகலாம். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் தம்பி தங்கையிடம் ஒன்று என்று மூன்று பிரதியாவது இருக்கட்டும்.

வீட்டில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பதார்த்தம் போதும். எழுத்தையும் குரலையும் தனித்தனிக் கோப்பாக அனுப்பி, கோப்பின் பெயரில் சமைத்தவர் பெயரையும் ஆண்டையும் போட்டுவிடுங்கள். வரிசைப்படுத்தி வைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்.