புதுப்பிப்பு: துப்பாக்கி வாங்குவதற்கான பின்னணிச் சோதனைத் தாமதம்

டெக்சஸில் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்க, அதற்கான அரசுப் படிவமான 4473-ஐ நிரப்பிக் கொடுத்தபோது, வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் எஃப்பிஐயின் நிக்ஸ் அமைப்பு காரணம் எதுவும் சொல்லாமல் "தாமதம்" என்று மட்டும் பதிலளித்ததை முன்பு எழுதியிருந்தேன். இப்போது அனுமதி வந்து, துப்பாக்கியும் கைக்குக் கிடைத்துவிட்டது.

மூன்று வேலை நாள்கள் கடந்தும் பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சிலர் சொன்னீர்கள். அது சரியன்று. இந்தப் பின்னணிச் சோதனையைக் கொண்டுவந்த 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம் அதற்குப் பிறகு விற்பதை அனுமதிக்கிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. இறுதிப் பதில் வரும்வரை விற்பதில்லை என்பது என் கடைக்காரரின் வழக்கம். 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன், சோதனை முடியாத நிலையில் இந்த விதியின் வழியாகவே துப்பாக்கியைப் பெற்றான் என்பதை நினைக்கும்போது, அந்த வழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. (வாங்குபவர் 21 வயதுக்குட்பட்டவராயின், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி இக்காலம் 10 வேலை நாள்கள் வரை நீளலாம்.)

ஒருமுறை அனுமதி கிடைத்தால் அடுத்த முறை தாமதமாகாது என்பதும் தவறான நம்பிக்கையே. அனுமதிக்கப்பட்டவரின் அடையாள விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது விதியாகையால், அதே பெயரும் ஒத்த பிறந்த தேதியும் கொண்ட வேறொருவரின் குற்றப்பதிவோ, தீர்ப்பு பதியப்படாத பழைய கைதுப்பதிவோ மீண்டும் குறுக்கே வரக்கூடும். இதைத் தவிர்க்க, கைரேகையுடன் எஃப்பிஐக்கு விண்ணப்பித்து, "யூபின்" எனப்படும் தனி அடையாள எண்ணைப் பெற்று, அடுத்த படிவத்தில் குறிப்பிடலாம். நானும் விண்ணப்பித்திருக்கிறேன்; எண் கிடைத்ததும் தெரிவிக்கிறேன்.