யூஎஸ்பி லேன் அடாப்டர்ல கிகாபிட் வருமா வராதா?

கேபிள்அண்ணாச்சி: நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், ராஸ்பெர்ரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஒரு சீப்பான யூஎஸ்பி லேன் அடாப்டரைச் சொருகினா ரெண்டாவது லேன் போர்ட் ரெடி, ரவுட்டரே வாங்க வேணாம்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அத நம்பி நானும் வாங்குனேன், டப்பால 1000 மெகாபிட், அதான் கிகாபிட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், வேகம் அளக்கற ஐபெர்ஃப் ஓட்டிப் பாத்தா 300ஐத் தாண்டல. காசக் கரியாக்காதீங்க மக்களே.

லினக்ஸ்பித்தன்: எழுதுனது நான்தான். எந்த போர்ட்ல சொருகினீங்க அண்ணாச்சி? பை 4ல ரெண்டு நீலம், ரெண்டு கருப்பு. நீலம் யூஎஸ்பி 3, கருப்பு யூஎஸ்பி 2, கருப்புல மொத்தமே 480 மெகாபிட், ஓவர்ஹெட் போக 300 சொச்சம்தான் மிஞ்சும். உங்க நம்பரே காட்டிக்குடுக்குது.

கேபிள்அண்ணாச்சி: தம்பி, இருபது வருஷமா கேபிள் இழுக்கறவன்கிட்ட போர்ட் பாடம் எடுக்காத. டப்பால 1000ன்னு போட்டா 1000 வரணும்.

லினக்ஸ்பித்தன்: எந்த போர்ட்?

மதுரைக்காரன்: பழைய மாடல் பை 3 பி ப்ளஸ்லயும் கிகாபிட்னுட்டு 300தான குடுத்தாங்க. அண்ணாச்சி சொல்றதுல ஞாயம் இருக்குல்ல.

லினக்ஸ்பித்தன்: அதுல லேன் சிப்பே போர்டுக்குள்ள யூஎஸ்பி 2 வழியாத்தான் போகுது, 2018ல வித்தப்பவே 300தான்னு எழுதித்தான் வித்தாங்க, அதயும் இதயும் ஏன் போட்டுக் குழப்புறீங்க. என் பை 4ல ஆர்டிஎல்8153 சிப் போட்ட அடாப்டர், நீல போர்ட்ல 940 வருது, ரெண்டு வருஷமா அணைக்காம ஓடுது. இன்னொண்ணு, நீல போர்ட்லயே மெதுவா சொருகினா சில நேரம் யூஎஸ்பி 2ன்னு எடுத்துக்கும், கழட்டி ஒரே அழுத்தா அழுத்துங்க, எல்எஸ்யூஎஸ்பி மைனஸ் டிங்கிற லினக்ஸ் கமாண்ட அடிச்சா 5000ன்னு காட்டணும், 480ன்னு காட்டினா தப்பு அடாப்டர் மேல இல்ல.

சும்மாவந்தேன்: சிப் பேரப் பாத்து வாங்குங்கப்பா. நான் வாங்குன நீலக் குச்சி அடாப்டர்ல ஆர்டி9700 சிப். மேல யூஎஸ்பி 2ன்னு அச்சடிச்சிருக்கு, உள்ள 12 மெகாபிட்லதான் பேசுது. ரெண்டு வாங்குனேன், ரெண்டுக்கும் ஒரே மேக் அட்ரஸ், அதான் நெட்வொர்க்ல ஒவ்வொண்ணையும் அடையாளம் காட்டற நம்பர். ஒரே ஸ்விட்ச்ல போட்டா மாறி மாறி கட் ஆகுது.

கேபிள்அண்ணாச்சி: பாத்தியா! ஏமாத்துன்னு நான் சொன்னேன்ல.

லினக்ஸ்பித்தன்: அவர் சொல்றது வேற சிப்பு. உங்களுது என்ன சிப்பு, எந்த போர்ட்டு? மூணாவது தடவ கேக்கறேன்.

கேபிள்அண்ணாச்சி: போன வருஷம் இன்வெர்ட்டருக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்ன. நீ சொன்ன பேட்டரி எட்டே மாசத்துல செத்துப்போச்சு. நான் மறக்கல.

லினக்ஸ்பித்தன்: தண்ணி ஊத்துனீங்களா அதுக்கு?

மதுரைக்காரன்: ட்யூபுலர் பேட்டரிக்கு எத்தன மாசத்துக்கு ஒருக்கா ஊத்தணும்?

கேபிள்அண்ணாச்சி: பேச்ச மாத்தாத. டப்பால 1000ன்னு போட்டிருக்கா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லு.

லினக்ஸ்பித்தன்: போர்ட்ட போட்டோ எடுத்துப் போடுங்க, சொல்றேன்.