புதுப்பிப்பு: விறகு பாய்லர் தொட்டியில் வெந்நீர் விடியுமுன் ஆறிவிடுகிறது (சரியாகிவிட்டது)

களக்காட்டிலிருந்து போன மாதம் கேட்டிருந்தேன். கொல்லையில் விறகு பாய்லர், அதற்கு மேலே 200 லிட்டர் தொட்டி. ராத்திரி சூடாக்கினால், விடிகாலை ஆச்சி குளிக்கும்போது வெதுவெதுப்புகூட இருக்காது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தொட்டிக்குக் கண்ணாடிக் கம்பளி (சூடு வெளியேறாமல் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு) சுற்றினேன்; பெரிசாகப் பலனில்லை. "நெருப்பு அணைஞ்சப்புறம் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்க" என்ற அண்ணாச்சி சொன்னதுதான் சரி. பாய்லரிலிருந்து தொட்டிக்கு ஏறும் அந்தக் குழாயைத் தொட்டால் 3 மணி நேரம் கழித்தும் கை சுட்டது. தொட்டி வெந்நீர் அதன் வழியே பாய்லருக்குள் திரும்ப இறங்கி, சூட்டைப் புகைக்கூண்டு வழியே விட்டுக்கொண்டிருந்தது.

தொட்டியிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் வரும் கீழ்க் குழாயில் ஒருவழி வால்வு (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுவது) போட்டேன். ஸ்பிரிங் வைத்தது வேண்டாம்: பம்பு இல்லாமல் தானாகச் சுற்றும் தண்ணீருக்கு அதைத் தள்ளத் தெம்பில்லை, பாய்லர் கொதித்துக் குமுறிவிட்டது. உள்ளே நாக்கு ஆடும் வகையை மாட்டியதும் சரி. நீராவி வெளியேறும் காற்றுக் குழாயை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன். இப்போது காலை 5 மணிக்கு ஆச்சி விளாவப் பச்சைத்தண்ணீர் கேட்கிறாள்.