மூணு சாவி கடிகாரத்துல ஸ்பிரிங் உடைஞ்ச கதை, உங்களுக்கும் நடந்திருந்தா எழுதுங்க

பழையபேட்டைக்காரன் (கிருஷ்ணகிரி):

எங்க வீட்ல தாத்தா காலத்து மேஜை கடிகாரம் ஒண்ணு இருக்குங்க, ஜெர்மன் மேக், முகப்புல மூணு சாவி ஓட்டை, கால் மணிக்கு ஒருதரம் வெஸ்ட்மின்ஸ்டர் ட்யூன் பாடும். மார்கழி மாசம் ஒரு ராத்திரி டமார்னு ஒரு சத்தம், கேஸ் ரெகுலேட்டர் தான் புடுங்கிக்கிச்சுன்னு எல்லாரும் சமையக்கட்டுக்கு ஓடுனோம். அங்க ஒண்ணுமில்ல. காலைல பாத்தா கடிகாரம் நேரம் சரியா காட்டுது, ட்யூனும் இல்ல, மணியும் அடிக்கல, வலது பக்க ஓட்டைல சாவி போட்டா புடிமானமே இல்லாம சுத்திக்கிட்டே இருக்கு.

ஓட்டைக்கு ஒரு ஸ்பிரிங், வலது ஓட்டை ட்யூனுக்கு, நடுவுல இருக்கறது நேரத்துக்கு, இடது மணி அடிக்கறதுக்கு, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ட்யூன் ஸ்பிரிங் மட்டும் போனா மணி ஏன் நிக்கணும்னு தம்பி கேட்டான். முழு மணி ட்யூன் பாடி முடிக்கறப்ப அந்த பல்சக்கர செட்டு தான் மணி செட்டை அவுத்து விடுது, அது நகரலன்னா இதுவும் நகராது. மூணுலயும் ரொம்ப உழைக்கறதும் ட்யூன் ஸ்பிரிங் தான், கால் மணிக்கு 4 தட்டு, அரைக்கு 8, முக்காலுக்கு 12, முழுசுக்கு 16, ஒரு மணி நேரத்துல 40 தட்டு, நாளைக்கு 960, வாரம் பூரா ஒரே சாவில.

டவுன்ல ஒரு கடைல காட்டுனேன், பின்னாடி தொறந்து கூட பாக்கல, உள்ள இருக்கறத தூக்கிட்டு பேட்டரி மெஷின் மாட்டிடலாம்னு சொல்லிட்டாப்ல. அந்த பித்தளைய பாத்துட்டு ஒருத்தருக்கு இப்படி சொல்ல எப்படி வாய் வருதோ தெரியல. அப்புறம் தர்மபுரில வயசான மெக்கானிக் ஒருத்தர் இருக்காருன்னு கேள்விப்பட்டு பஸ்ல மடில வெச்சு தூக்கிட்டு போனேன்.

அவர் உடைஞ்ச ஸ்பிரிங்க தொடவே இல்ல. முதல்ல உடையாம இருந்த ரெண்டு ஸ்பிரிங்கோட முறுக்கத்தான் இறக்குனாரு, சாவிய கைல இறுக்கி புடிச்சுக்கிட்டு கிளிக்க (முறுக்கு திரும்பாம தடுக்கற கொக்கி) தள்ளி விட்டு கொஞ்சம் கொஞ்சமா. உடையாத ஸ்பிரிங் தான் தம்பி கைய வாங்கும்னாரு. முறுக்கோட, சக்கரத்தையெல்லாம் புடிச்சு நிக்கற பிளேட்ட பிரிச்சா சக்கரமெல்லாம் விர்ருனு சுத்தி பல்லு போயிரும், விரலும் சேத்து.

அடுத்து லென்ஸ மாட்டிக்கிட்டு பேரல் (ஸ்பிரிங் சுருண்டு இருக்கற, பல்லு வெச்ச டப்பா) பல்ல பாத்தாரு. ஸ்பிரிங் அறுந்ததும் பேரல் பின்னாடி ஒரு உதை உதைக்குமாம், அந்த அடி அடுத்த சக்கரத்து மேல தான் விழும். எங்களுதுல பேரல்ல ரெண்டு பல்லு சாஞ்சிருந்துச்சு, அடுத்த சக்கரத்து அச்சு லேசா வளைஞ்சிருந்துச்சு, எனக்கு காட்டுன பிறகும் சட்டுனு தெரியல. வெறும் ஸ்பிரிங் மட்டும் மாத்தி மூடியிருந்தா கொஞ்ச நாள் ஓடி அங்கயே வந்து முட்டி நின்னிருக்கும்.

புது ஸ்பிரிங்குக்கு அகலம், கனம், நீளம், டப்பாவோட உள்விட்டம் எல்லாம் அளந்து எழுதி பெங்களூருக்கு சொல்லி விட்டாரு. கனம் கொஞ்சம் கூட இருந்தா பரவால்லையான்னு கேட்டேன், முறைச்சாரு. 0.40 மி.மீ. இருக்கற இடத்துல 0.45 போட்டா விசை 40 சதவீதத்துக்கு மேல ஏறிடும், கனம் x கனம் x கனம்னு போகுது கணக்கு. ஸ்பிரிங் தாங்கும், பல்லு தாங்காது.

பாலக்கோட்டு அக்கா:

எங்க மாமனார் வருசா வருசம் தேங்காண்ணை விடுவாருங்க கடிகாரத்துக்கு. தை மாசம் வந்தா மணி இழுத்து இழுத்து அடிக்கும், எங்க ஊர் குளிர்ல பாட்டில்லயே எண்ணை உறைஞ்சு கெடக்குமே, பேரலுக்குள்ள மட்டும் உருகியா இருக்கும்? தொறந்தப்ப ஸ்பிரிங் சுத்துக்கு சுத்து பிசின் மாதிரி ஒட்டி, நடுவுல துரு புள்ளி. அந்த புள்ளிலதான் உடைஞ்சிருந்துச்சு. நான் ஓவரா சாவி குடுத்துட்டேன்னு இத்தன வருசமா எம்மேல பழி. சாவி முழுசா குடுக்கறதால ஸ்பிரிங் உடையாது, பழசாகி சோந்து போனதோ துரு புடிச்சதோ தான் உடையும்னு மெக்கானிக் மாமனார் எதிர்லயே சொல்லிட்டாரு, எனக்கு அது போதும்.

ஓசூர்க்காரன்:

அண்ணா எல்லாத்துக்கும் புதுசு வாங்க தேவையில்ல. எனக்கு வெளிப்பக்க நுனில, கொக்கி மாட்டற ஓட்டை கிட்ட உடைஞ்சுது. நுனிய மட்டும் சிவக்க காய வெச்சு தானா ஆற விட்டு புது ஓட்டை போட்டு மாட்டியாச்சு, ஒரு இஞ்ச் கொறஞ்சா ஓட்டத்துல ஒண்ணும் தெரியல. சூடு உள்ள பரவ விடக்கூடாது, பரவுனா அந்த எடம் விறைப்பு போய் தொவண்டுடும். நடுவுல உடைஞ்சா தூக்கி போட வேண்டியதுதான், ஒட்டெல்லாம் நிக்காது. அப்புறம் கையால ஸ்பிரிங்க டப்பாக்குள்ள திணிக்கற வீடியோ பாத்து யாரும் எறங்காதீங்க, வைண்டர்னு ஒரு கருவி இருக்கு, அது இல்லாம வேணாம், கண்ணுக்கு கண்ணாடியும் கட்டாயம். மத்த ரெண்டு ஸ்பிரிங்கயும் மாத்துனீங்களா?

பழையபேட்டைக்காரன்:

வெளிய எடுத்து தரைல போட்டு பாத்தாருங்க. நல்ல ஸ்பிரிங் அகலமா விரிஞ்சு படுக்கும், சோந்தது சுருண்டபடியே கெடக்கும். நடு ஸ்பிரிங் நல்லா விரிஞ்சுது, கழுவி ஸ்பிரிங் எண்ணை போட்டு அதையே மாட்டிட்டாரு. இடதுல இருந்தது சுருண்டு தான் கெடந்துச்சு, மாத்தியாச்சு. பல்லு ரெண்டையும் வெட்டி எடுத்துட்டு புது பித்தளை வெச்சு அரத்தால ராவுனாரு, ஸ்பிரிங் வெலய விட அந்த கூலி தான் அதிகம், குடுக்கறதுக்கு மனசு கோணல. வீட்டுக்கு வந்ததும் கால் மணிக்கு முக்கால் மணி ட்யூன் பாடுச்சு, போன் பண்ணி கேட்டேன். உங்களுது தானா திருத்திக்கற மாடல், ரெண்டு மணி நேரம் சும்மா விடுங்கன்னாரு, அதுக்குள்ளயே சரியாயிடுச்சு.