லண்டனிலிருந்து வந்து ஒன்பது நாள், பாப்பாவுக்குக் காய்ச்சல்: இங்கே ஜி.பி.யில் (குடும்ப டாக்டரிடம்) பதிவு செய்வது எப்படி?

ஈஸ்ட்ஹாம் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடம் லண்டனில் இருந்துவிட்டு அமெரிக்கா வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. வீட்டுக்காரருக்கு ஆபீஸில் மாற்றல். அவர் வந்த வேகத்தில் வெளியூர் போய்விட்டார். பாப்பாவுக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல், இப்போது இரவு 10 மணி. பெட்டியில் கொண்டுவந்த கால்பால் காய்ச்சல் மருந்து சாயங்காலத்தோடு தீர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் கல்லாவில் இருந்த பையனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. பாரசிட்டமால் என்றாலும் முழிக்கிறான். இங்கே ஜி.பி.யில் எப்படிப் பதிவு செய்வது? லண்டனில் மருத்துவ ஆலோசனை கேட்கும் 111 மாதிரி ஏதாவது எண் உண்டா? இன்சூரன்ஸ் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பனியில் ஒரு பரமக்குடி:
பதற வேண்டாம் சகோதரி. நாங்கள் மினியாபோலிஸ் வந்தது 2011 ஜனவரியில். கார் இல்லை. அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் ஒன்றரை மைல் நடந்திருக்கிறேன். கார் வாங்கலாம் என்று போனால் கிரெடிட் ஹிஸ்டரி கேட்டார்கள். ஊரில் பத்து வருடம் ஒழுங்காகக் கடன் கட்டியவன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். லண்டனில் நீங்கள் சேர்த்து வைத்த கிரெடிட் ஸ்கோரும் இங்கே செல்லாது. முதல் வேலையாக, முன்பணம் கட்டி வாங்கும் செக்யூர்ட் கிரெடிட் கார்டு ஒன்று வாங்குங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

டல்லாஸ் டீக்கடை:
குழந்தை விஷயத்தில் என்ன யோசனை? உடனே இ.ஆர். (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போங்கள். கார் இல்லை என்றால் அவசர எண் 911. பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
தயவுசெய்து அப்படிக் கிளப்பிவிடாதீர்கள். என் பையனுக்கு இப்படித்தான் ஒரு ராத்திரி காய்ச்சல் என்று ஓடினோம். நாலு மணி நேரம் உட்கார வைத்து, ஒரு ஐஸ் குச்சியைக் கையில் கொடுத்து, "வைரஸ்தான், தண்ணீர் நிறையக் கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து 1,900 டாலருக்குப் பில் வந்தது. டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை, முடியவில்லையாம். அந்த ஐஸ் குச்சியின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஹாரோ மாமா:
நான் இன்னும் லண்டனில்தான் இருக்கிறேன் பிள்ளை. இதற்குத்தான் போகாதே என்று எல்லோருக்கும் சொல்கிறேன். இங்கே நடுச்சாமத்தில் 111-ஐ அழைத்தால் ஒரு மனிசர் பதில் சொல்லும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மருந்துச் சீட்டுக்குக் காசே இல்லை.

கணக்குப்பிள்ளை:
மாமா, காலை 8 மணிக்கு ஜி.பி.க்குப் போன் போட்டு "நீங்கள் வரிசையில் 27-வது" என்று கேட்டதை மறந்துவிட்டீர்களா? விசாவில் இருப்பவன், பெரியவர் என்றால் தலைக்கு வருடம் 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறான். இலவசமாம்.

டல்லாஸ் டீக்கடை:
அங்கேயாவது கடையில் ஒட்டிய விலைதான் பில்லில் வரும், வாட் வரி உள்ளேயே அடங்கிவிடும். இங்கே 9.99 என்று எழுதியிருப்பதை நம்பிப் பத்து டாலர் நோட்டை நீட்டினால், கல்லாவில் வரியைச் சேர்த்துச் சொல்கிறார்கள். காபி வாங்கினால் ஐபேடைத் திருப்பி வைத்து 18, 20, 25 சதவீதம் டிப் கேட்கிறது. அந்தப் பெண் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எந்த பட்டனை அழுத்துவது?

பனியில் ஒரு பரமக்குடி:
நியூஜெர்சியில் நண்பர் வீட்டுக்குப் போனபோது நானே இறங்கிப் பெட்ரோல் குழாயை எடுத்துவிட்டேன். பங்க் ஆள் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அங்கே நாமே போடக் கூடாது என்று சட்டமாம். ஒரே நாட்டுக்குள் இத்தனை நாடு.

ஹாரோ மாமா:
கெட்டிலைக் கொண்டு போயிருந்தால் செருகிப் பார்த்துவிடாதே பிள்ளை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. புதிதாக வாங்கினாலும் தண்ணி கொதிக்கப் பொறுமை வேண்டும்.

நைட் டியூட்டி:
டீயை அப்புறம் போடலாம் மாமா. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் கேட்காததைக் கேட்கிறேன். பாப்பாவுக்கு என்ன வயது? என்ன எடை? காய்ச்சல் எவ்வளவு? கடைசி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? எந்த ஊர்? மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையாக இருந்து, 100.4-ஐத் தொட்டிருந்தால், இதைப் படிப்பதை விட்டுவிட்டு இப்போதே இ.ஆர். போங்கள்.

ஈஸ்ட்ஹாம் மருமகள்:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எதையும் எழுதவில்லை. மூன்று வயது, 14 கிலோ. இங்கே வாங்கிய தெர்மாமீட்டர் 102.2 காட்டுகிறது. கடைசியாக 5 மணிக்குக் கொடுத்தேன். தண்ணீர் குடிக்கிறாள், கார்ட்டூன் கேட்கிறாள். எடிசன், நியூஜெர்சி.

நைட் டியூட்டி:
கார்ட்டூன் கேட்கிற குழந்தை என்றால் எனக்குப் பாதி நிம்மதி. 102.2 என்றால் லண்டன் செல்சியஸ் கணக்கில் 39. நம் ஊரில் நூற்றிரண்டு என்றுதானே சொல்வோம், அந்தக் கணக்குக்கே திரும்பிவிட்டீர்கள்.

பாரசிட்டமாலுக்கு இங்கே அசெட்டமினோஃபென் என்று பெயர். டைலனால் என்று கேட்டால் எவருக்கும் தெரியும். கடையின் சொந்த பிராண்ட் மலிவு, மருந்து அதேதான். கல்லாப் பையனை விட்டுவிட்டு, கடையின் பின்பக்கம் இருக்கும் ஃபார்மசிஸ்டிடம் கேளுங்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் கால்பாலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். இங்கே குழந்தைகள் மருந்தில் 5 மில்லிக்கு 160. அங்கே ஊற்றிய 7.5 மில்லியை இங்கேயும் ஊற்றக் கூடாது. டப்பாவில் எடை பவுண்டில் இருக்கும். 14 கிலோ என்றால் சுமார் 31 பவுண்ட், அந்த வரிசையில் 5 மில்லி என்று போட்டிருக்கும். கூடவே வரும் அளவுக் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும். ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்.

ஜி.பி. பதிவு என்று இங்கே ஒன்றும் இல்லை. உங்கள் இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில் (அதோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில்) இருக்கும் பீடியாட்ரீஷியனை, அதாவது குழந்தை டாக்டரை, தேடி, புதிய நோயாளி என்று சொல்லி நேரம் வாங்க வேண்டும். 111 போல ஒரே பொது எண்ணும் கிடையாது. ஆனால் பெரும்பாலான இன்சூரன்ஸில் 24 மணி நேர நர்ஸ் லைன் உண்டு. கார்டு வராவிட்டாலும் வீட்டுக்காரர் ஆப்பில் நுழைந்தால் உறுப்பினர் எண் கிடைக்கலாம். பாப்பா பெயரைச் சேர்த்தாரா என்றும் கேளுங்கள். வேலையில் சேர்ந்தவுடன் சேர்க்கத் தரும் அவகாசம் குறைவு, பல இடங்களில் 30 நாள்தான்.

மூச்சு வாங்கினாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ 911. பில்லுக்குப் பயந்து நிற்காதீர்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் அவசரத்தில் வருபவரைக் கவனிக்க வேண்டும் என்பது 1986-லிருந்தே இங்கே சட்டம். நெட்வொர்க்கில் இல்லாத இ.ஆர். என்று சொல்லித் தனியாகப் பில் தீட்டுவதையும் 2022-ல் தடுத்துவிட்டார்கள். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அதில் அடங்காது. இது எதுவும் இல்லை என்றால் காலையில் அர்ஜென்ட் கேர் கிளினிக் போதும்.

ஈஸ்ட்ஹாம் மருமகள்:
பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டி கடைக்குக் கூட்டிப் போனார். 5 மில்லி கொடுத்தேன். விடியற்காலை 100.1, இப்போது இட்லி கேட்கிறாள். இன்சூரன்ஸில் அவள் பெயர் இல்லவே இல்லை அக்கா, இவர் மறந்திருக்கிறார். போனிலேயே அவருக்குப் பாட்டு விழுந்தது, இப்போது சேர்த்தாயிற்று. ஒரு பீடியாட்ரீஷியனும் கிடைத்தார். ஆனால் 05/06 என்று மெசேஜ் வந்திருக்கிறது. ஒரு மாதமா காத்திருக்க வேண்டும்? லண்டனே பரவாயில்லை போலிருக்கிறது.

நைட் டியூட்டி:
இங்கே மாதம்தான் முதலில் வரும். அது மே 6. நாளைக்குத்தான் அம்மா.

பனியில் ஒரு பரமக்குடி:
நல்லது சகோதரி. செக்யூர்ட் கார்டு விண்ணப்பித்தீர்களா?