கலைச்சொல் தேவை: ஆக்டிவ் சர்வேலன்ஸும் வாட்ச்ஃபுல் வெயிட்டிங்கும்

அன்பர்களே, வணக்கம்.

ஒரு வாரமாக இரண்டு சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தனியாக ஆகிற காரியம் இல்லை என்று தெரிந்துவிட்டது, இங்கே கொண்டுவருகிறேன்.

புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கும் வேலை. (முன்னிற்கும் சுரப்பி என்று ஏன் எழுதவில்லை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கிரேக்கச் சொல்லின் பொருளே 'முன்னால் நிற்பது'தான், ஆகவே அது நேர்த்தியான மொழிபெயர்ப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிவத்தைப் படிப்பவரின் கையிலிருக்கும் ரிப்போர்ட்டில் புரோஸ்டேட் என்றுதான் இருக்கிறது.)

படிவத்தில் இரண்டு ஆங்கிலத் தொடர்கள் மாறிமாறி வருகின்றன. ஒன்று ஆக்டிவ் சர்வேலன்ஸ், மற்றொன்று வாட்ச்ஃபுல் வெயிட்டிங். இரண்டிலும் உடனே அறுவை இல்லை, கதிர்வீச்சு இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் 'சும்மா இருப்பது'தான். ஆனால் உள்ளே போனால் நேரெதிர். முதலாவதில் நோய் இன்னும் குணமாக்கக் கூடிய நிலையில் இருக்கிறது, நோயாளிக்கும் ஆயுள் இருக்கிறது. ரத்தத்தில் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு பொருளின் அளவு), ஆசனவாய்வழி விரல் பரிசோதனை, எம்ஆர்ஐ, திரும்பத் திரும்ப பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது) என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நோய் வேகமெடுக்கிறது என்று தெரிந்தால் அப்போது குணமாக்கும் சிகிச்சைக்குப் போவார்கள். இரண்டாவது பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்களுக்கும் வேறு பெரிய நோய்கள் உள்ளவர்களுக்கும். அங்கே குணமாக்கும் நோக்கமே இல்லை. வலியோ சிறுநீர் அடைப்போ வந்தால் அதைத் தணிக்கிற சிகிச்சை கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

நான் முதலில் போட்டது 'தீவிரக் கண்காணிப்பு', 'விழிப்புடன் காத்திருத்தல்'. பத்திரிகைகளில் பார்த்துப் பழகிய சொற்கள், கை தானாக எழுதிவிட்டது. படிவத்தை இறுதி செய்வதற்கு முன் சிலரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வது வழக்கம். ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தார். 'தீவிரக் கண்காணிப்பு' வந்ததும் விரலை அதன்மேல் வைத்தபடி நிமிர்ந்து, "ஐசியூவில எத்தனை நாள் இருக்கணும் தம்பி?" என்றார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நாம்தானே எழுதிப் பழக்கியிருக்கிறோம். வீட்டிலிருந்தபடியே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாட்டை, குழாய் மாட்டிப் படுத்திருக்கும் கோலமாக ஆக்கிவிட்டேன்.

அடுத்த அடி மீள்மொழிபெயர்ப்பில் விழுந்தது. தமிழ்ப் படிவத்தை மூலம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னபோது, இரண்டு தொடர்களும் ஒரே ஆங்கிலச் சொல்லாக வந்து நின்றன. அவரைக் குறை சொல்ல முடியாது. விழிப்பு, கண், காத்தல் எல்லாம் ஒரே குடும்பம்தானே.

இப்போதைக்கு என் யோசனை: முதலாவதற்கு 'ஆயத்தக் கண்காணிப்பு', இரண்டாவதற்கு 'அறிகுறிக் காத்திருப்பு'. சிகிச்சைக்கு ஆயத்தமாக இருந்துகொண்டே கண்காணிப்பது என்ற பொருளில். அடித்துச் சொல்லுங்கள்.

---

மறு: கலைச்சொல் தேவை

வணக்கம் ஐயா.

சிறுநீரியல் மருத்துவராக ஒரு சில சங்கதிகள். இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. நோயாளிக்காக மட்டுமல்ல, ஆய்வு முடிவுகளைத் தமிழில் எழுதுகிறவர்களுக்காகவும் சொல்கிறேன்.

ஒரு ஸ்காண்டிநேவிய ஆய்வில் 1989 முதல் 1999 வரை 695 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு அறுவை, பாதிப் பேருக்கு வாட்ச்ஃபுல் வெயிட்டிங். 2018இல் வந்த நீண்டகால முடிவில், அறுவை செய்தவர்களுக்கு சராசரியாக 2.9 ஆண்டு ஆயுள் கூடியிருந்தது. இன்னொன்று பிரிட்டனில் நடந்த புரொடெக்ட். 1999 முதல் 2009 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் 1643 பேரை மூன்றாகப் பிரித்து அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று ஒதுக்கினார்கள். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவில், புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தமே 45 பேர், அதாவது 2.7 சதவீதம். மூன்று குழுக்களுக்கும் இடையே இதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இரண்டையும் 'கண்காணிப்பு' என்ற ஒரே சொல்லால் எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? "ஒருவன் அறுவை நல்லது என்கிறான், ஒருவன் எல்லாம் ஒன்றுதான் என்கிறான், இந்த டாக்டர்களே இப்படித்தான்" என்பார். முரண்பாடு முழுக்க ஆய்வில் இல்லை, பாதி நம் சொல்லில் இருக்கிறது. முதல் ஆய்வில் பெரும்பாலானவர்களுக்கு நோய் பிஎஸ்ஏ வழியாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல, கொஞ்சம் வளர்ந்த நோய். காத்திருந்தவர்களுக்குக் குணமாக்கும் சிகிச்சை திட்டத்திலேயே இல்லை. இரண்டாவதில் நோய் பிஎஸ்ஏ பரிசோதனையில் சீக்கிரமே பிடிபட்டது, சிகிச்சைக்கான கதவும் திறந்தே இருந்தது. கண்காணிப்புக் குழுவில் 61 சதவீதம் பேர் 15 ஆண்டுக்குள் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போயிருக்கிறார்கள்.

இங்கே இன்னொரு சிக்கல், நீங்கள் கேட்காதது. புரொடெக்ட்டில் இருந்தது ஆக்டிவ் சர்வேலன்ஸ் அல்ல, ஆக்டிவ் மானிட்டரிங். முக்கியமாக பிஎஸ்ஏ எண்ணை வைத்தே பார்த்தார்கள். முறைப்படி மறுபடி மறுபடி பயாப்ஸி, எம்ஆர்ஐ எல்லாம் அதில் கிடையாது. அந்தக் குழுவில் நோய் வேறிடம் பரவியது 9.4 சதவீதம் பேருக்கு. அறுவைக் குழுவில் 4.7, கதிர்வீச்சுக் குழுவில் 5. இந்த எண்களை அப்படியே எடுத்து இன்றைய ஆக்டிவ் சர்வேலன்ஸ்மேல் ஒட்டக் கூடாது.

பிஎஸ்ஏ தனியாக நம்பத் தகுந்த சாட்சியும் அல்ல. புரோஸ்டேட் சுரக்கிற ஒரு நொதி அது, விந்தை நீர்க்கச் செய்வது அதன் வேலை. சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் ஏறும். புரோஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டெரைடு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறவருக்கு ஏறக்குறைய பாதியாக இறங்கும், நோய் குறைந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். ஆக உங்களுக்குத் தேவை மூன்று சொற்கள் ஐயா, இரண்டல்ல.

'ஆயத்தக் கண்காணிப்பு' பற்றி: வேண்டாம். என் அறைக்கு வருபவரிடம் அதைச் சொன்னால் "அப்போ ஆபரேஷன் நிச்சயமா டாக்டர்?" என்பார். அறுவையைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடே. இப்போதே பலர் பயாப்ஸி ரிப்போர்ட்டில் நோயின் வீரியத்தைக் குறிக்கும் க்ளீசன் 6 என்ற எண்ணைப் பார்த்துப் பத்துக்கு ஆறு என்று கணக்குப் போட்டு அரண்டுபோய் வருகிறார்கள். நடைமுறையில் 6தான் அடிமட்டம் என்று விளக்கியே ஓய்ந்துவிடுகிறது. அந்தக் குழப்பத்துக்காகத்தான் 2014இல் அதையே கிரேடு குரூப் 1 என்று மாற்றிச் சொல்லலாம் என நோய்க்குறியியலாளர்கள் முடிவெடுத்தார்கள். எண்ணே இந்தப் பாடு படுத்தினால் சொல்லைக் கேட்க வேண்டுமா?

---

மறு: மறு: கலைச்சொல் தேவை

நண்பர்களே,

மருத்துவம் நமக்குத் தெரியாது, தமிழாசிரியனாக மட்டும் பேசுகிறேன். 'ஆயத்தம்' வடசொல், வேண்டுமானால் 'அணியக் கண்காணிப்பு' எனலாம் என்று எழுத உட்கார்ந்தேன். டாக்டர் அம்மா அதன் பொருளையே வெட்டிவிட்டார்கள், ஆகவே அதை விடுகிறேன்.

வேறொன்று: காவல். காத்தல் என்ற ஒரே வேரில்தான் காவலும் காத்திருப்பும் முளைக்கின்றன. பரண்மேல் உட்கார்ந்து தினைப்புனம் காப்பவரும் வெளிப்பார்வைக்குச் சும்மாதான் இருக்கிறார். ஆனால் கையில் கவண் இருக்கிறது, கிளி வந்தால் கல் பறக்கும். பேருந்துக்குக் காத்திருப்பவரும் உட்கார்ந்துதான் இருக்கிறார், அவர் கையில் ஒன்றுமில்லை. நீங்கள் தேடும் வேறுபாடு இதுதானே? 'நோய்க்காவல்', 'நோய்க்காத்திருப்பு'. சுருக்கமாகவும் இருக்கிறது.

கூடவே ஒரு கேள்வி. கண்காணிப்பது யாரை? நோயையா, நோயாளியையா? கண்காணி என்றால் பழைய கல்வெட்டுகளில் மேற்பார்வையாளன். அதுவே கங்காணியாகித் தோட்டத் தொழிலாளிகள் தலைமேல் நின்றது. நோயாளி தலைமேல் ஒரு கங்காணியை நிறுத்துகிறோமோ என்று உறுத்துகிறது.

---

மறு: மறு: மறு: கலைச்சொல் தேவை

ஐயா, பரண் உவமை பிரமாதம். நோயாளிக்கு வாய்மொழியாக விளக்கும்போது அதை நிச்சயம் கடன் வாங்குவேன். ஆனால் சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "நோயாளி மூன்று ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டார்." ஜாமீன் யார் எடுப்பது?

கங்காணி விஷயம் சரியான குத்து. கண்காணிப்பு என்ற சொல்லை விட மனமில்லை, அது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் 'நோயாளி கண்காணிக்கப்படுவார்' என்று இருந்த இடங்களையெல்லாம் 'நோய் கண்காணிக்கப்படும்' என்று மாற்றிவிட்டேன். பதினோரு இடம். இப்போது படித்தால் அந்தப் பக்கமே கொஞ்சம் மூச்சு விடுகிறது.

டாக்டர் அம்மா, உங்கள் மடலை இரண்டு முறை படித்த பிறகு ஒன்று தட்டுப்பட்டது. நான் இத்தனை நாளும் 'ஆக்டிவ்' என்ற அடைமொழியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். தீவிர, செயல்முனை, முனைப்பான, ஆயத்த என்று அதற்கு ஈடு தேடியதுதான் தப்பு. அந்த அடைமொழி ஆங்கிலத்திலேயே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. டொராண்டோவில் 1995இல் லாரன்ஸ் க்ளாட்ஸ் குழுவினர் இந்த முறையில் நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே வாட்ச்ஃபுல் வெயிட்டிங் என்றுதான் இருக்கிறது. முறை மாறிவிட்டது, பெயர் பழையதாகவே இருந்தது. அந்தப் பழைய பெயரிலிருந்து விலகிக் காட்டத்தான் ஆக்டிவ் தேவைப்பட்டது. தமிழில் நமக்கு அந்தப் பழைய பெயர் வேரூன்றவே இல்லை. எதிலிருந்து விலக வேண்டும்?

அடைமொழியை விட்டுவிட்டு, அடுத்த முடிவை எது எடுக்கவைக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் பரிசோதனை, ஒன்றில் அறிகுறி, புரொடெக்ட்டில் பிஎஸ்ஏ. ஆகவே:

ஆக்டிவ் சர்வேலன்ஸ் என்பது பரிசோதனைவழிக் கண்காணிப்பு. ஆக்டிவ் மானிட்டரிங் என்பது பிஎஸ்ஏவழிக் கண்காணிப்பு. வாட்ச்ஃபுல் வெயிட்டிங் என்பது அறிகுறிவழிக் காத்திருப்பு.

'சோதனைவழி' என்று சுருக்கலாம் என்றும் பார்த்தேன். ஆனால் ஆய்வுப் படிவத்தில் சோதனை என்றால் 'நம்மை வைத்துச் சோதிக்கிறார்கள்' என்று தோன்றும், 'என்ன சோதனையடா இது' என்ற பெருமூச்சும் சேர்ந்துகொள்ளும். ரத்தப் பரிசோதனை என்று எல்லோரும் சொல்வதால் பரிசோதனையில் அந்தப் பயம் குறைவு.

---

மறு: மறு: மறு: மறு: கலைச்சொல் தேவை

நீளம்தான், ஆனால் சரி. அறையில் சொல்லிப் பார்த்தேன், கூடுதல் விளக்கம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஒரு திருத்தம்: மூன்றாவதில் காத்திருப்பு என்பதை மட்டும் யோசியுங்கள். நோயாளியின் குடும்பத்தார் அதைச் 'சாவுக்குக் காத்திருப்பு' என்று கேட்டுவிடக் கூடாது. 'அறிகுறிவழிக் கவனிப்பு' என்றால் என்ன?

---

மறு: மறு: மறு: மறு: மறு: கலைச்சொல் தேவை

அம்மா, அதையும் வைத்துப் பார்த்தேன். கவனிப்பு என்றால் யாரோ வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று படித்தவர்களில் இருவர் நினைத்தார்கள். மறுபக்கம், கவனிப்பு என்றதால் யாரும் பயப்படவில்லை. எதிர்பார்ப்பை ஒரு வரியில் திருத்திவிடலாம், பயத்தைத் திருத்த ஒரு பக்கமும் போதாது. ஆகவே உங்கள் சொல்லே இருக்கட்டும்: அறிகுறிவழிக் கவனிப்பு. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'வலி, சிறுநீர் போவதில் தடை, எலும்பு நோவு போன்றவை தெரிந்தால் நீங்கள் மருத்துவரிடம் வர வேண்டும், அவற்றைத் தணிக்கும் சிகிச்சை தரப்படும்.'

அந்தப் பெரியவரிடமும் புதிய பக்கத்தைக் கொடுத்தேன். இந்த முறையும் விரலை வைத்தார், 'பரிசோதனைவழிக் கண்காணிப்பு'மேல். "பயாப்ஸிக்குத் திரும்பவும் ஊசி குத்துவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதை முன்னாடியே போடுங்க, நாலாம் பக்கத்துல போட்டிருக்கீங்க" என்றார். முதல் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

தமிழாசிரியர் ஐயாவுக்கு: 'பிஎஸ்ஏவழி' சேர்த்து எழுதலாமா, 'பிஎஸ்ஏ வழி' என்று இடம் விட வேண்டுமா? படிவம் நாளை காலை போகிறது. இன்றிரவுக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.