நம்ம குடும்பம் குழு: தண்டுவடம் அடிபட்ட அண்ணன் முதுகில் ஒரு சிவப்பு

மதினி, காலை 6:12
அக்கா, எழுந்துவிட்டீர்களா? இவருக்கு வால் எலும்பு கிட்ட ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. நேற்றுக் காலையில் இல்லை. தோல் கிழியவில்லை.

அம்மா, 6:15
சூட்டுக்கு வந்திருக்கும். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி நல்லா தேய்த்து விடு.

நர்ஸ் அக்கா, 6:19
சித்தி, தேய்க்கவே கூடாது. உள்ளே நசுங்கியிருக்கிற சதை தேய்த்தால் இன்னும் கெடும். மதினி, நீ அந்தச் சிவப்பில் விரலை வைத்து அழுத்தி எடுத்துப் பார். வெளுக்கிறதா, அப்படியே இருக்கிறதா?

மதினி, 6:24
வெளுக்கவில்லை அக்கா. அப்படியே இருக்கிறது.

நர்ஸ் அக்கா, 6:31
சரி, அப்படியென்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. இது முதல் கட்டம், இப்போது பிடித்தால் தோல் கிழியாமலே ஆறும். சிவப்பு மறையும் வரை அந்த இடம் மெத்தையில் படக் கூடாது, அதனால் மல்லாக்கப் படுப்பதும் சக்கர நாற்காலியும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். முழுசாக ஒருக்களித்தால் இடுப்பு எலும்பு அழுந்தும், அதனால் 30 டிகிரி சாய்வு போதும், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று வைத்துக் குதிகால் எதிலும் படாமல் இருக்கட்டும். திருப்பும்போது இழுக்காதீர்கள், இரண்டு பேர் விரிப்போடு தூக்குங்கள். நேற்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்?

மதினி, 6:38
ஊர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், மதியம் 3 மணியிலிருந்து ஏழரை வரை நாற்காலியில்தான். இரவு 11 மணிக்குத் திருப்பிவிட்டுப் படுத்தேன், கண் விழித்தபோது மணி 5. என் தப்புதான்.

நர்ஸ் அக்கா, 6:47
உன் தப்பில்லை. எங்கள் வார்டில் மூன்று ஷிப்டில் ஆள் மாறி மாறிச் செய்கிற வேலையை உன் ஒருத்தி தலையில் போட்டுவிட்டோம். நமக்கு ஒரு பக்கம் அழுந்தினால் தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவோம். தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு டி4-ல், அதாவது நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் நான்காவது இடத்தில் அடி, அதற்குக் கீழே எந்த உணர்வும் மூளைக்குப் போகவில்லை, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்தம் ஓடாமல் நின்றாலும் அவனுக்குத் தெரியாது. அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பச் சொன்னேன். எலும்பு தெரிகிற அளவு புண்ணோடு வந்து மாதக்கணக்கில் குப்புறப் படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், நம் பிள்ளைக்கு அது வரக் கூடாது.

மாமா, 6:52
தென்காசி மருந்துக் கடையில் நடுவில் ஓட்டை வைத்த காற்றுத் தலையணை இருக்கிறது. வாங்கிட்டு வரட்டுமா?

நர்ஸ் அக்கா, 6:55
அது வேண்டாம் மாமா, அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் வராமல் பண்ணும். மோட்டார் வைத்த ஏர் பெட் கேளுங்கள். அது வந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது.

அம்மா, 7:01
நேற்று ராத்திரி தலை வலிக்குது என்றான் தாயி. முகமெல்லாம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுப் படுக்க வைத்தேன்.

நர்ஸ் அக்கா, 7:03
எத்தனை மணிக்கு? அதற்கு முன்னால் டியூப் போட்டுச் சிறுநீர் எடுத்தது எப்போது?

மதினி, 7:06
தலைவலி ஏழரை மணிக்கு அக்கா. மதியம் 1 மணிக்கு எடுத்தது, ஆட்கள் போனபின் 8 மணிக்குத்தான் மறுபடி எடுத்தேன். 700 மில்லி வந்தது. அப்புறம் தலைவலி நின்றுவிட்டது.

நர்ஸ் அக்கா, 7:18
எல்லோரும் இதைக் கவனமாகப் படியுங்கள், புண்ணை விட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குக் கீழே ஏதாவது தொந்தரவு இருந்தால் வலி தெரியாது, ஆனால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். நிறைந்த சிறுநீர்ப்பை, கட்டிய மலம், இறுக்கமான கால்சட்டை, எதுவானாலும் போதும். திடீர்த் தலைவலி, முகம் சிவப்பது, வேர்ப்பது எல்லாம் அதன் அடையாளம், பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். அவனுக்கு வழக்கமாக மேல் அளவு 100, அதனால் 130 என்பதே அவனுக்கு அதிகம். அப்போது படுக்க வைக்காதீர்கள், தலையை நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இடுப்பு நாடாவைத் தளர்த்தி, முதலில் சிறுநீரை எடுங்கள். உடனே குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய், டி4 அடி என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் எடுக்க வேண்டும், ஒரு தடவை 500 மில்லியைத் தாண்டக் கூடாது. யார் வீட்டில் இருந்தாலும் சரி.

அண்ணன், 7:29
அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கேட்பேன் அக்கா? தண்ணீர் குடிப்பதையும் அதனால்தான் குறைத்தேன். வருகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவிடம் கேட்கிறார்கள், அம்மா அழுகிறார்கள்.

நர்ஸ் அக்கா, 7:36
தண்ணீரைக் குறைக்காதே தம்பி, கிருமி பிடித்துக் காய்ச்சல் வரும். உன் இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன. சோப்புப் போட்டுக் கை கழுவி டியூபை நீயே போடப் பழகு, வீடியோவில் கூட இருந்து சொல்லித் தருகிறேன். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கதவைச் சாத்தினால் போதும். நீண்ட கைப்பிடி வைத்த கண்ணாடியில் காலையும் மாலையும் உன் முதுகையும் குதிகாலையும் நீயே பார்க்கலாம். திரும்ப நாற்காலியில் உட்காரும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் குனிந்து 2 நிமிடம் இரு.

அம்மா, 7:40
முப்பத்தொரு வயசுப் பிள்ளை, நான் அழாமல் என்ன செய்வேன்.

நர்ஸ் அக்கா, 7:48
சித்தி, ஆய்க்குடி உங்களுக்குப் பக்கம்தானே. ராமகிருஷ்ணன் ஐயா 1975-ல் கடற்படைக்கு ஆள் எடுக்கும் உடற்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர், 1981-ல் அவர்தான் மாற்றுத்திறனாளிகளுக்காக அங்கே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். புண் ஆறியதும் தம்பியை அங்கே கூட்டிப் போங்கள்.

மாமா, 7:52
கூட்டிப் போகிறேன். இனிமேல் பார்க்க வருகிறவர்களுக்கு மாலை 5 முதல் 6 வரைதான், வாசலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

நான், 7:55
இரவு 1 மணி, 3 மணி, 5 மணி என் பொறுப்பு. மதினி தூங்கட்டும். இரண்டாவது ஆளாக அப்பா வருகிறார். அலாரம் வைத்துவிட்டேன்.

அண்ணன், 7:58
அலாரம் என் போனில் இருக்கட்டும்டா, நானே உங்களைக் கூப்பிடுகிறேன். மாமா, கண்ணாடி வாங்கும்போது கைப்பிடி நீளமாகப் பார்த்து வாங்குங்கள்.